மல்லிகைக்கு நல்ல தண்ணீர், அலரிக்கு உவர்

கொடிகாமம்
8.9.2024

மச்சாள் அறிய,

என்னோடு இனிக் கதைப்பதில்லை என்று நீங்கள் கீரிமலையில் வைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. கதைப்பது வேறு, எழுதுவது வேறு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். விருப்பமில்லை என்றால் கிழித்துப் போடலாம். வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

எங்கள் ஒழுங்கையை அகலமாக்கித் தார் ஊற்றிக் காப்பெற் றோட்டுப் போடப் போகிறார்கள். எல்லா வீட்டுக்காரரும் மதிலை ஆறடி உள்ளே தள்ளிக் கட்டச் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டோம். கார்த்திகைக் கடைசியில் மண் அள்ளுகிற பெக்கோ வருமாம். கேற்றுக்கு இடப்பக்கம் நிற்கும் மல்லிகையும் வலப்பக்கம் நிற்கும் சிவப்பு அலரியும் அந்த ஆறடிக்குள் போகின்றன.

புது மதிலுக்கு உள்ளே ஒரு செடிக்குத்தான் இடம் மிஞ்சும். மற்றப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி. பின்வளவு முழுக்கப் பக்கத்து வீட்டுப் புளியின் நிழல். அங்கே வைத்தால் இரண்டும் உயிரோடு நிற்கும், பூக்காது. பூச்சாடிக்குள் மல்லிகை சிறுத்துப் போகும், அலரி அடங்காது.

மல்லிகை உங்கள் அம்மா அரியாலையில் வைத்த செடியில் உங்கள் தம்பி எங்கள் கலியாணத்தோடு பதியன் போட்டு இங்கே கொண்டுவந்தது. அங்கே நின்ற தாய்ச்செடி பட்டுப்போனதாக அறிந்தேன். ஆகவே இதில் முதல் உரிமை உங்களுக்கு. வேண்டும் என்றால் எழுதுங்கள். மழை தொடங்கியதும் வேரோடு கிண்டித் தருகிறேன்.

ஜெயகௌரி


அரியாலை
15.9.2024

ஜெயகௌரிக்குப் பராசக்தி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பேத்தி தர்சினி, "ஏன் அம்மம்மா இந்த வயதிலை எழுதிக் கஷ்டப்படுறீங்கள், நம்பரைத் தாங்கோ, எடுத்துத் தாறன்" என்றாள். "போனிலை கதைக்கிறதும் வாயாலைதானடி" என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீர் தையல் ரீச்சர். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டும். வெட்டுவது உமக்குக் கை வந்த வேலைதானே. ஆனால் ஒன்று, நான் படித்தது குறைவு, மறந்தது அதைவிடக் குறைவு. உம்முடைய கலியாண வீட்டில் உம்முடைய சின்னம்மா எனக்குத் தந்த தேத்தண்ணியில் சீனி இல்லை. 1981, ஆவணி. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தோழனுக்கு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும். தம்பியின் அந்தியேட்டி அன்று விடிய, கீரிமலைக்குப் போக வான் வண்டி ஏற உம்முடைய வாசலுக்கு வந்தேன். என்ன கண்டேன்? அம்மாவின் மல்லிகை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கிக் கிடந்தது. ஒரு இலை இல்லை. அவன் போய் முப்பத்தொரு நாள். அதற்குள் அவனுடைய செடி உமக்கு என்ன செய்தது? வலப்பக்கம் பார்த்தால் உம்முடைய அலரி கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறது. ஒரு கொப்பில் கத்தி படவில்லை.

கீரிமலைக் கேணிப் படியில் வைத்துத்தான் சொன்னேன். "வாசலிலை நஞ்சை நட்டு என்ரை தம்பியைத் தின்னக் குடுத்திட்டாய்" என்று சொன்னேன். டொக்டர் மாரடைப்பு என்றாராம். டொக்டர் வாசலைப் பார்த்தாரா?

மல்லிகை எனக்கு வேண்டும். அலரியைப் பெக்கோ கொண்டு போகட்டும்.

பராசக்தி


கொடிகாமம்
22.9.2024

மச்சாள் அறிய,

தேத்தண்ணிக்குச் சின்னம்மா பதில் சொல்ல முடியாது. அவ 1996 இல் போய்விட்டா.

மல்லிகையைத் தருகிறேன். தருவதற்கு முன் அதைப் பராமரிக்கிற விதத்தை எழுதிவிடுகிறேன். இரண்டு செடியையும் பதின்மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தவள் என்றபடியால் ஒன்றைச் சொல்ல மற்றதையும் சொல்லத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், அடியில் ஈரமும் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டால் போதும். வருடத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் ஒட்ட வெட்டி, மிஞ்சும் இலையை உருவி, பத்து நாள் தண்ணீர் காட்டாமல் விடவேண்டும். பிறகு எருப் போட்டு ஊற்றினால் தளிரோடு மொட்டும் வரும். வெட்டாமல் விட்டால் கொடியாய்ப் படர்ந்து இலையாய்ப் போகும், இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே காய்ந்துவிடும்.

அலரிக்கும் வெயில்தான். மற்றதெல்லாம் நேர்மாறு. தண்ணீர் கூடினால் இலை வைக்கும், பூ குறையும். எரு வேண்டாம். பூத்து முடிந்த நுனியை வெட்டினால் வெட்டின இடத்தில் இரண்டாய்க் கிளைத்துப் பூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. பால் கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், ஒரு இலையும் வாயில் படக்கூடாது, விறகாய் அடுப்பில் வைக்கக்கூடாது. இவ்வளவுதான் அதன் நஞ்சு. ஒருவரும் ஒரு வாளி ஊற்றாமல் இருபது வருடம் நிற்கும். நான் கண்டிருக்கிறேன்.

அலரிக்கு எந்தத் தண்ணீரும் சரி. மல்லிகைக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். உங்கள் கிணறு கடல்நீரேரிக்குக் கிட்ட. இப்போது தண்ணீர் எப்படி? சவர்க்காரம் நுரைக்கிறதா? குறை நினைக்க வேண்டாம். இரண்டு பிளாஸ்ரிக் கான் கிணற்றுத் தண்ணீர் அனுப்பினால் சின்னப் பதியன் ஒன்றுக்கு ஊற்றிப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கிண்டலாம். ஒரு செடிதான் இருக்கிறது. பரீட்சை பார்க்க இன்னொன்று இல்லை.

ஜெயகௌரி


அரியாலை
29.9.2024

ஜெயகௌரிக்கு,

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் உம்முடைய புருசன் வளர்ந்தான். எங்கள் ஐயா வெட்டின கிணறு. அதைப் போத்தலில் அடைத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்லுகிறேன் என்று எழுத உமக்கு ஒரு கை வந்திருக்கிறது.

அனுப்பியிருக்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

கடல்நீரேரி நண்டைக் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோகிற சிமியோனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கானையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னணை ஆச்சி, கீரிமலைத் தீர்த்தமோ? எனக்கும் ஒரு சொட்டு விடுங்கோவன்" என்றான். "குடிச்சுப் பார், உன்ரை நண்டு சொந்தம் கொண்டாடும்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. விளங்காதது நல்லது.

வெட்டு வெட்டு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர். அம்மாவின் செடியில் ஒருநாளும் கத்தி பட்டதை நான் காணவில்லை. பின்னேரம் நானும் தங்கச்சிமாரும் பூ ஆய்வோம், அம்மா கட்டுவா. அப்படித்தான் அது நின்றது. வருடத்தில் ஒருதரம் ஆடு கடிக்கும். எங்கள் வெள்ளைக் கிடாய். பொங்கல் கழிந்த கையோடு எப்படியோ கட்டறுத்துக்கொண்டு வந்து மொட்டையாய்க் கடித்துவிடும். நான் அழுவேன். அது தவிர ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

இருபது வருடம் நின்ற அலரியை எங்கே கண்டீர்? உம்முடைய வாசலில் நிற்பதற்குப் பதின்மூன்று வயது என்று நீர்தான் எழுதியிருக்கிறீர். கணக்கு எனக்கும் தெரியும்.

பராசக்தி


கொடிகாமம்
27.10.2024

மச்சாள் அறிய,

சிமியோன் மூன்று தரம் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றாம் தரம், "ரீச்சர், உங்கடை கிணறு வத்திப் போச்சோ? எங்கடையிலை குளிச்சால் உடம்பு வெள்ளை பூத்திடும்" என்றார்.

நாலு சாடி வைத்தேன். இரண்டில் மல்லிகைப் பதியன், இரண்டில் அலரித் தடி. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு எங்கள் தண்ணீர், ஒன்றுக்கு உங்கள் தண்ணீர். மழைக்கு நான்கையும் தாவாரத்துக்குள் எடுத்தேன். மண்ணும் அளவும் ஒன்றுதான்.

உங்கள் தண்ணீர் குடித்த மல்லிகை எட்டாம் நாள் வரை பச்சை. பன்னிரண்டாம் நாள் இலை ஓரம் சுருட்டு நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. பதினெட்டில் இலை கொட்டியது. நேற்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், தடியில் பச்சை இல்லை. எங்கள் தண்ணீர் குடித்த மல்லிகையில் நாலு தளிர்.

அலரி இரண்டும் பிழைத்தன. உங்கள் தண்ணீர் குடித்ததுதான் ஒரு இலை கூட வைத்திருக்கிறது.

கண்டதை எழுதினேன். மல்லிகையைக் கேட்டால் இப்போதும் கிண்டித் தருவேன். முடிவு உங்களுடையது.

ஜெயகௌரி


அரியாலை
2.11.2024

ஜெயகௌரிக்கு,

தண்ணீர் உவர்தான். பத்து வருடமாய் உவர். குடிக்கிற தண்ணீரைப் பவுசர் லொறியில் வாங்குகிறோம். அம்மாவின் செடி என் கண்ணுக்கு முன்னால் அப்படித்தான் போனது. முதலில் ஓரம் கருகியது, பிறகு இலை கொட்டியது. நான் விடியவும் பின்னேரமும் ஊற்றினேன். காய்கிறதே என்று இன்னும் ஊற்றினேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை. பட்டுப்போனது என்று மட்டும் சொன்னேன்.

மல்லிகை அங்கேயே நிற்கட்டும். மிஞ்சுகிற இடத்தில் அதை வையும்.

ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஏன் வெட்டினீர்? தையில் வெட்ட வேண்டும் என்று பொதுவாய் எழுதியிருக்கிறீர். செத்த வீட்டில் துடக்குக்குள் இருக்கிற மனுசி கத்தி எடுத்துப் போய்ப் பூச்செடி வெட்டுவாளா?

இருபது வருட அலரிக்கும் பதில் இல்லை.

பராசக்தி


கொடிகாமம்
9.11.2024

மச்சாள் அறிய,

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அவர் மல்லிகை வெட்டுவார். கலியாணம் கட்டிவந்த வருடம் தொடங்கி அதுதான் நாள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடமும் சமைக்க முதல் அதைத்தான் வெட்டினார். அந்தத் தையில் மூன்றாம் நாள் வந்தது, அவர் இல்லை. கத்தி கூரை இறப்பில் செருகினபடி இருந்தது. விட்டால் அந்த வருடம் பூ இல்லை. எடுத்து வெட்டினேன். துடக்குக் கழியட்டும் என்று பார்த்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. சித்திரையில் நிறையப் பூத்தது. நான் வைப்பதில்லை, பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்தேன்.

ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் வெள்ளைக் கிடாய் மல்லிகை கடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு தையிலும் வெட்டும்போது சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். "ஐயா வெட்ட நான் கொப்பைப் பிடிச்சுக் குடுப்பன். அக்கா கண்டால் ஊரைக் கூட்டுவா எண்டு அவவைக் கோயிலுக்கு அனுப்பிப்போட்டுத்தான் வெட்டுறது. வந்து கேட்டால் ஆடு கடிச்சுப் போட்டுதெண்டு அம்மா சொல்லுவா. அக்கா கிடாயைத் தடி எடுத்துத் துரத்துவா. பாவம் அந்தச் சீவன்." உங்களுக்குத் தெரியும் என்றே நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அலரி கீரிமலையில் நான் பிறந்த வீட்டு வேலியில் நின்றது. தொண்ணூறில் சண்டையோடு எங்கள் சனம் எழும்பி வந்தது. இருபது வருடம் கழித்து, காணி பார்க்க ஆமி முதல்முதல் விட்ட அன்று போனேன். கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. வேலிக் கதியால் மரம் ஒன்றும் இல்லை. அலரி பூத்து நின்றது. ஆர் ஊற்றினது? மூன்று தடி முறித்துக்கொண்டு வந்தேன், ஒன்று பிடித்தது. பிறகு அந்தக் காணியை அண்ணைமார் விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே மதில், அலரி இல்லை. அதே ஊரில், என் சனத்துக்கு முன்னால் நின்றுதான் நீங்கள் அதை நஞ்சு என்று சொன்னீர்கள். அதை நான் எழுதாமல் விட்டால் நீங்கள் அறியமாட்டீர்கள் என்றபடியால் எழுதுகிறேன்.

இடம் ஒன்றுதான். மல்லிகையை அங்கே வைக்கிறேன். சாடித் தடிகள் இரண்டையும் கேட்டு வந்த ஒருவருக்குக் கொடுத்தேன், அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்று திருப்பித் தந்துவிட்டார். அலரியை விட்டுவிடலாம்.

ஜெயகௌரி


அரியாலை
16.11.2024

ஜெயகௌரிக்கு,

வருகிற ஞாயிறு வருவேன். ஓட்டோ பேசியாயிற்று. கிண்ட ஒரு ஆளை வைத்திரும். சமைக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். தேத்தண்ணியும் வேண்டாம்.

அலரியை நான் எடுக்கிறேன். உமக்காக இல்லை. என் வளவில் பத்து வருடமாய் ஒன்றும் நிற்கவில்லை. உவருக்கு நிற்கிறது என்று நீர்தான் எழுதியிருக்கிறீர். சாகிற ஒன்றை விடுவானேன்.

கிடாயின் விசயம் வாசித்தேன். அதை இறைச்சிக்கு விற்ற அன்று எனக்குப் பத்து வயது. நான் சந்தோசப்பட்டேன். கிடாய் கேற்றடியில் திரும்பி நின்று கத்தினது. "போ, மல்லிகை தின்னி" என்று சொன்னேன். வேறு ஒன்றும் எழுத இல்லை.

வருகிறேன், ஆனால் கதைக்க மாட்டேன். அறியவும்.

பராசக்தி


கொடிகாமம்
5.12.2024

மச்சாள் அறிய,

நீங்கள் போன மூன்றாம் நாள் தொடங்கிய மழை இன்றைக்குத்தான் விட்டது. ஒழுங்கை முழுக்க வெள்ளம். பெக்கோ தை மாதம்தானாம். அவசரப்பட்டுவிட்டோமோ என்று பார்த்தால், நட்ட செடிக்கு மழை நல்லது. மல்லிகை புது இடத்தில் நிற்கிறது. தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டேன்.

கிண்ட வந்த கோபிசங்கர் கூலி வாங்க வரும்போது, "ரீச்சர், இனி அந்த ஆச்சி வந்தால் என்னைக் கூப்பிடாதேங்கோ" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டரை மணித்தியாலம் நடுவில் நின்றவன்.

"தம்பி, மண்வெட்டி எங்கையெண்டு அவவைக் கேள்."

"ரீச்சர், மண்வெட்டி எங்கையாம்."

"அவவின்ரை காலடியிலை எண்டு சொல்லு."

"ஆச்சி, உங்கடை காலடியிலையாம்."

"அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு."

"நான் என்ன கிண்ட வந்தனானோ, தபால் குடுக்க வந்தனானோ?"

ஒரு விசயம் பதிந்துவைக்க வேண்டும். மல்லிகையைத் தூக்க முதல் கொப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. வேர் அறுந்த செடி அவ்வளவு இலையைத் தாங்காது. நான் அவருடைய கத்தியை எடுத்துவந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கினீர்கள். ஒரு கொப்பைப் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு, "எவ்வளவு விடுறது?" என்று கேட்டீர்கள். கோபிசங்கர் அப்போது அலரிக் கிடங்கில், முதுகு காட்டி நின்றான். நான் "ஒரு சாண்" என்றேன். வெட்டினீர்கள்.

நீங்கள் சொன்ன சொல் சொன்னதுதான் என்று எழுதியிருந்தபடியால் ஞாபகப்படுத்துகிறேன்.

ஜெயகௌரி


அரியாலை
15.12.2024

ஜெயகௌரிக்கு,

உம்முடைய கடிதத்தில் ஒரு பிழை. நான் உம்மைக் கேட்கவில்லை. செடியைப் பார்த்துக் கேட்டேன். நீர் இடையில் புகுந்து பதில் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை.

அலரியைக் கிணற்றடியில் வைத்தேன். உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் போகிற பக்கம். வாசலில் வைக்கமாட்டேன், அதை எதிர்பார்க்க வேண்டாம். தர்சினியின் பிள்ளை இன்னும் தவழவில்லை. தவழத் தொடங்கினால் வலை அடிப்பேன். கை இரண்டு தரம் கழுவினேன்.

வெட்டினால் பூக்கும் என்றீர். பூக்காவிட்டால் எழுதுவேன்.

பராசக்தி


கொடிகாமம்
13.4.2025

மச்சாள் அறிய,

மதில் கட்டி முடிந்தது. ஒழுங்கை கறுப்பாய்ப் பளபளக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் முன்னையிலும் வேகம்.

இந்தத் தையில் மல்லிகையை வெட்டவில்லை. நீங்கள் வெட்டினதே போதும் என்று விட்டேன். மாசிக் கடைசியில் தளிர் வந்தது. நேற்று எண்ணினேன், முப்பத்தேழு மொட்டு. வருடப்பிறப்புக்கு அம்மாவின் படத்துக்கு வைக்க ஈரத் துணியில் பொதிந்து வாழையிலையில் சுற்றிச் சிமியோனிடம் கொடுத்திருக்கிறேன். நண்டுக் கூடையில் வைக்கக்கூடாது என்று சொன்னேன். சேட்டுப் பையில் வைத்தார். ஈரத் துணியைப் பிரிக்காமல் வைத்தால் பின்னேரம் விரியும்.

ஜெயகௌரி


அரியாலை
20.4.2025

ஜெயகௌரிக்கு,

முப்பத்தேழு என்று எழுதியிருந்தீர். முப்பத்தாறுதான் வந்தது. சிமியோனைக் கேட்டேன். "ஒண்டை எடுத்து மாதா சுருவத்துக்கு வைச்சனான் ஆச்சி, கோவிக்காதேங்கோ" என்றான். கோவிக்கவில்லை.

பின்னேரம் விரிந்தது. வீட்டுக்குள் வந்த மணம் எங்கள் வீட்டு மணம்தான். உம்முடைய தண்ணீரால் அது மாறவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன், மற்றதை எழுத எனக்குப் படிப்புக் காணாது.

அலரி பூத்திருக்கிறது. நாலு கொத்து. வெட்டின இடத்தில் இரண்டாய்க் கிளைத்துத்தான் பூத்தது. நான் ஊற்றியது அதே கிணற்றுத் தண்ணீர். பக்கத்து வீட்டு ஆடு வந்து மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் தடி எடுக்கவில்லை.

தர்சினி போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "ஒரு வசனம் கதைச்சால் முடியிற விசயத்துக்கு எத்தினை முத்திரை, அம்மம்மா" என்கிறாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆனால் நீர் ஒருநாள் வரலாம். கொடிகாமத்தில் பஸ் ஏறினால் அரியாலைச் சந்தியில் இறக்குவான். அலரி உம்முடைய ஊர்ச் செடி. வந்து அதோடு கதையும். எப்படி இருக்கிறாய், ஆர் ஊற்றுகிறது, கால் நோ சுகமோ என்று எதையும் கேளும். நான் பக்கத்தில் நிற்பேன். அதுக்கு வாய் இல்லை, ஆராவது பதில் சொல்லத்தானே வேண்டும்.

தேத்தண்ணிக்குச் சீனி இரண்டு கரண்டி போடுவேன்.

பராசக்தி